நெல்லா, அவுரியா? 1740களின் தென் கரோலினா

அன்று பிரிட்டனின் அமெரிக்கக் காலனியாக இருந்த தென் கரோலினாவில், ஸ்பெயின், பிரான்சுடனான போரால் கப்பல் கூலி ஏறி அரிசி விலை சரிந்தபோது தோட்ட முதலாளிகளுக்கு எழுந்த கேள்வி இது: நெல் போடுவதா, நீலச் சாயம் தரும் அவுரிச் செடி போடுவதா?

நிலம்: நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் சதுப்பு, அவுரிக்கு மேடு.

ஏற்றுமதி: அரிசி பீப்பாய் பீப்பாயாக இடத்தை அடைக்கும். அவுரிக்கட்டி சிறிது, விலை பெரிது. 1748இல் பிரிட்டன் மானியமும் அறிவித்தது.

பக்குவம்: நெல்லை உரலில் குத்தணும், நொய்யானால் விலை போச்சு. அவுரி இன்னும் நுணுக்கம். தழையைத் தொட்டியில் ஊறவைத்து, புளித்த நீரை வடித்து, நீலம் திரளும்வரை அடித்து, சுண்ணாம்பு நீர் விட்டு வண்டலைப் படியவைக்கணும். ஊறல் மிஞ்சினால் சாயம் கெட்டுவிடும். நாற்றமோ குடலைப் பிடுங்கும்.

அந்தத் தொட்டியிலும் சேற்றிலும் நின்றவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அதைச் சொல்லாத கணக்கு கணக்கே அல்ல.

சதுப்பு மட்டும் இருந்தால் நெல். மேடும் இருந்தால் இரண்டும். அவுரியை மட்டும் நம்பக்கூடாது: அமெரிக்க விடுதலைப் போரோடு பிரிட்டனின் மானியம் நின்றது, அவுரியும் சரிந்தது.