சத்யம், மைண்ட்ட்ரீ, விஎம்வேர்: கம்பெனி கைமாறியபோது ஊழியர் நிலை எங்கே தேவலை?

2009 ஏப்ரல் 13 அன்று சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் ஏலத்துக்கு வந்தது. டெக் மஹிந்திரா ஒரு பங்குக்கு 58 ரூபாய் கேட்டது, எல் அண்ட் டி கேட்டது 45 ரூபாய் 90 காசு. எல் அண்ட் டி தோற்றது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதே எல் அண்ட் டி பெங்களூரு மைண்ட்ட்ரீயை வாங்க இறங்கியது. இந்த முறை வாங்கியே தீர்த்தது. நம் ஊர் ஐ.டி. துறையில் முதலாளி மாறிய கதைகளில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இன்று எந்த கம்பெனி விற்கப்பட்டாலும், உள்ளே இருப்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயலில்தான் இருக்கிறது. அமெரிக்க மென்பொருள் கம்பெனி விஎம்வேர் மூன்றாவது ரகம், அதற்கும் வருகிறேன்.

முதலில் காத்திருந்த காலம். சத்யத்தில் 2009 ஜனவரி 7 அன்று அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் சுமார் 5,000 கோடி ரூபாய் கிடையாது என்று அந்தக் கடிதம் சொன்னது. அன்று காலை வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த மாதச் சம்பளம் வருமா என்பதே முதல் கேள்வி. மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு, கிரண் கார்னிக், தீபக் பரேக் போன்றவர்களை நியமித்தது. சென்னை ஆடிட்டர் டி.என். மனோகரனும் அந்தக் குழுவில் இருந்தார். அவர்கள் முதல் வேலையாகச் சம்பளத்துக்குப் பணம் புரட்டினார்கள், வங்கிக் கடன் வாங்கினார்கள், கம்பெனிக்கு உள்ளிருந்தே ஏ.எஸ். மூர்த்தியைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தினார்கள். மூன்று மாதத்தில் ஏலமும் முடிந்தது. ஐம்பதாயிரம் பேர் வேலை பார்ப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு அது அசாத்திய வேகம். அந்த வேகத்தால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ.

மைண்ட்ட்ரீயில் சம்பள பயம் துளியும் இல்லை. அந்த நிதியாண்டில்தான் வருமானம் 100 கோடி டாலரை எட்டியிருந்தது. காஃபி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா தன் தரப்பிடம் இருந்த 20.32 சதவீதப் பங்கை, பங்குக்கு 980 ரூபாய் என்ற கணக்கில் எல் அண்ட் டிக்கு விற்க, விஷயம் வெளியே வந்தது. நிறுவனர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சுப்ரதோ பாக்சி ஒடிசாவில் வகித்த அரசுப் பதவியை விட்டுவிட்டே ஓடி வந்தார். ஆனால் நிறுவனர்கள் கையில் இருந்தது 13 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஜூலைக்குள் எல் அண்ட் டியிடம் 60 சதவீதம் சேர்ந்துவிட்டது. கிருஷ்ணகுமார் நடராஜன், ரோஸ்டோ ராவணன், பார்த்தசாரதி மூவரும் விலகினார்கள். ஆகஸ்டில் காக்னிசன்ட்டில் இருந்து வந்த தேபஷிஷ் சாட்டர்ஜி தலைமை ஏற்றார்.

இங்கே அடி விழுந்தது மனதில். மைண்ட்ட்ரீயில் ஊழியர்களை ‘மைண்ட்ஸ்’ என்றே அழைப்பார்கள். முதல் லோகோவை வரைந்தது பெங்களூரில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளியில் படித்த ஒரு மாணவர். அப்படிப்பட்ட இடத்தில் நிறுவனர்கள் ஒரே மாதத்தில் வெளியேறினால், அப்ரைசல் ஒழுங்காக வந்தாலும் மனசு ஒட்டாது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக் கடன் கட்டுகிறவரின் கண்ணால் பார்த்தால், சத்யம் ஊழியர் பட்டது பல மடங்கு கொடுமை.

அந்தக் கொடுமையின் பெயர் விர்ச்சுவல் பூல். டெக் மஹிந்திரா உள்ளே வந்து பார்த்தபோது ப்ராஜெக்ட் குறைவு, ஆட்கள் அதிகம். பெஞ்சில், அதாவது எந்த ப்ராஜெக்டிலும் இல்லாமல், இருந்த ஆயிரக்கணக்கானவர்களை உடனே வேலையை விட்டு நீக்காமல், 2009 ஜூனில் இந்தப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அலுவலகம் வர வேண்டாம், அடிப்படைச் சம்பளமும் பி.எஃப்.பும் மருத்துவக் காப்பீடும் மட்டும் உண்டு, ஆறு மாதத்துக்குள் ப்ராஜெக்ட் வந்தால் கூப்பிடுவோம், இதுதான் ஏற்பாடு. அன்றைய ஐ.டி. சம்பளத்தில் அடிப்படை என்பது பெரும்பாலும் பாதிகூட வராது என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கைக்கு வரும் தொகை சட்டென்று சுருங்கியது. உலகம் முழுக்க மந்தநிலை, புதிய வேலை கிடைப்பதும் கஷ்டம், ரெஸ்யூமில் சத்யம் பெயர் வேறு.

ஆனால் டெக் மஹிந்திரா நிலவரத்தை மறைக்கவில்லை. ஆள் அதிகம், இத்தனை மாதம் தாங்குவோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. காப்பீட்டைத் தொடர விட்டது. தன் வருமானத்தில் பெரும் பங்குக்கு பிரிட்டிஷ் டெலிகாம் என்ற ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த கம்பெனி அது. சத்யத்தின் பலதரப்பட்ட வாடிக்கையாளர்களும் அவர்களின் வேலை தெரிந்தவர்களும் அதற்குத் தேவை. எனவே ப்ராஜெக்டில் இருந்தவர்களுக்குப் பிடி இருந்தது, பெஞ்சில் இருந்தவர்களுக்கு இல்லை. மஹிந்திரா சத்யம் என்று பெயர் மாற்றி, 2013 ஜூனில் டெக் மஹிந்திராவோடு முழுதாக இணைத்தார்கள்.

மைண்ட்ட்ரீக்கு வேறு மாதிரி வாக்குறுதி கிடைத்தது: தனி கம்பெனியாகவே நடக்கும் என்றார்கள். மூன்று வருடம் அப்படியே நடந்தது. 2022 மே மாதம், எல் அண்ட் டியின் இன்னொரு ஐ.டி. கம்பெனியான எல்டிஐயோடு இணைப்பு என்று அறிவிப்பு வந்தது, நவம்பர் 14 முதல் எல்டிஐமைண்ட்ட்ரீ. 100 மைண்ட்ட்ரீ பங்குக்கு 73 எல்டிஐ பங்கு என்பது கணக்கு. ஒரே முதலாளியிடம் ஒரே தொழில் செய்யும் இரண்டு கம்பெனி இருந்தால் நாளைக்கு ஒன்றாகும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இணைந்த கம்பெனிக்குத் தலைவரானவர் மைண்ட்ட்ரீயின் சாட்டர்ஜி, விலகியவர் எல்டிஐயின் சஞ்சய் ஜலோனா. வாங்கப்பட்ட பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஓரங்கட்டப்படுவார்கள் என்பது எப்போதும் உண்மையில்லை.

சரி, விஎம்வேர். சிப் தயாரிப்பில் பெயர் பெற்ற பிராட்காம் அதை வாங்கப்போவதாக 2022 மே மாதம் அறிவித்து 2023 நவம்பர் 22 அன்று வாங்கி முடித்தது. ஒன்றரை வருடம் தொங்கலில். முடிந்த சில நாட்களிலேயே ஆட்குறைப்பு. நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி எல்லாவற்றையும் சந்தாவாக்கினார்கள். எண்ட் யூசர் கம்ப்யூட்டிங் பிரிவை கே.கே.ஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, 2024 ஜூலையில் அது ஆம்னிசா என்ற தனி கம்பெனி ஆனது. அங்கே இருந்தவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டு முதலாளி. சிஏ டெக்னாலஜீஸ், சிமான்டெக்கின் நிறுவனப் பிரிவு என்று பிராட்காம் முன்பு வாங்கியவற்றைப் பார்த்தவர்களுக்கு இது ஊகிக்க முடிந்ததுதான். வேலையில் நீடித்தவர்களில் கம்பெனிப் பங்கு கையில் இருந்தவர்களுக்கு, பிராட்காம் பங்கு ஏறியதால் நல்ல காசு. வேலை போனவர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மைண்ட்ட்ரீ பக்கம்தான் நிற்பேன். லாபத்தில் இருக்கும் கம்பெனியை, அங்கிருக்கும் ஆட்களுக்காகவே வாங்கினால் வேலை தங்குகிறது. ஆனால் நேர்மை என்று வந்தால் சத்யத்தில் டெக் மஹிந்திரா நடந்துகொண்டதற்கே அதிக மதிப்பெண். விஎம்வேர் ரகத்தில் வாங்கியவருக்குத் தேவைப்பட்டது மென்பொருளும் அதைக் கைவிட முடியாத பெரிய வாடிக்கையாளர்களும். ஆட்கள் வெறும் செலவுக் கணக்கு. அங்கே டவுன்ஹால் என்ற ஊழியர் கூட்டத்தில் நிர்வாகம் பேசுவதை நம்பி ஒரு வருடம் உட்காராதீர்கள், வேறு இடத்தில் தேடத் தொடங்குவது நல்லது.

அப்புறம் காகித விஷயம் ஒன்று, பலர் கோட்டை விடுவது இங்கேதான். பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டப்படி உங்கள் கம்பெனி அதேதான். பழைய வேலை நியமனக் கடிதம் செல்லும், கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடக் கணக்கும் அறுந்துபோகாது. ஒரு பிரிவை மட்டும் தனியாக விற்று, புதிய கம்பெனி புதுக் கடிதம் நீட்டினால் கதை வேறு. பழைய ஜாயினிங் தேதியும், சேர்த்து வைத்த விடுப்பும், நோட்டீஸ் பீரியடும் அந்தக் கடிதத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்.ஆரிடம் கேட்டுத் திருத்தி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.