ஆர்.ஓ. மெஷினுக்கு வருடக் கான்ட்ராக்ட் போடுகிறவர்கள் படிக்கவும் (பெங்களூர்)

ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, கே.ஆர். புரம் பக்கம் போர்வெல் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் நம்பி இருக்கிற நம் ஆட்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. கேட்டவரையில் வேறு கம்பெனிக்காரர்களிடமும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

எங்கள் வீட்டு மெஷினில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. கம்ப்ளெயின்ட் போட்டேன். நான் ஆபீஸில் இருந்த நேரத்தில் ஒரு பையன் வந்திருக்கிறான். வீட்டில் மாமியார் மட்டும். வந்தவன் மெஷினைத் திறக்கவே இல்லை. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டு, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர் ஊற்றி, பையிலிருந்து கம்பி வைத்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்து பிளக்கில் சொருகி இரண்டிலும் விட்டிருக்கிறான். ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் கொழகொழவென்று துருநிறத்துக்கு மாறிவிட்டது. "பாட்டி, உள்ள மெம்பிரேன் செத்துப்போச்சு. இத்தனை நாளா இதைத்தான் குடிச்சிட்டு இருந்தீங்க" என்றானாம். (மெம்பிரேன் என்பது தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டுகிற பாகம்.) பேரனுக்கும் இதே தண்ணீர்தானே என்ற பயத்தில் அவர் அரிசி டின்னில் வைத்திருந்த 3,400 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்பி வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் வீடு வீடாக இதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வழியாகக் கரண்ட் பாயும்போது அந்த இரும்பே அரித்துத் துருவாக இறங்குகிறது. நீங்கள் பார்க்கிற அழுக்கில் பெரும்பகுதி கம்பியிலிருந்து வந்தது. உப்பு குறைவான தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே இருக்கும். தண்ணீர் கெட்டதா நல்லதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உப்பு எவ்வளவு என்று பார்க்க சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. எங்கள் போர்வெல் எப்போதும் ஆயிரத்தை ஒட்டி இருக்கும், அதனால்தான் மெஷினே வாங்கினோம்.

சரி, கதைக்கு வருகிறேன். பணத்தை வாங்கிய பிறகு ஏதோ ஒரு மெம்பிரேனைப் போட்டான். நாங்கள் எடுத்திருந்தது பார்ட்ஸும் சேர்ந்த கான்ட்ராக்ட். மெம்பிரேனுக்குத் தனியாகக் காசு கிடையாது. மாமியார் அதைக் கேட்டிருக்கிறார். "அது பழைய ரூல் பாட்டி, இப்ப மாறிடுச்சு" என்று பதில் வந்திருக்கிறது. போகும்போது, "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அதுதான் ஹேப்பி கோட். வேலை திருப்தியாக முடிந்தது என்று நாம் கொடுக்கிற நம்பர். அதைப் போட்டால்தான் அவர்கள் ஆப்பில் அந்தக் கால், அதாவது நாம் போட்ட கம்ப்ளெயின்ட், க்ளோஸ் ஆகும்.

சாயங்காலம் மீட்டரில் பார்த்தேன், 70 காட்டியது. பத்துப் பதினைந்து நாளில் 400ஐத் தாண்டிவிட்டது, அடியில் ஒழுகவும் ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் அந்த மெம்பிரேனில் கம்பெனி ஸ்டிக்கரும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. கால் சென்டருக்கு போன் போட்டேன். "மேடம், உங்க கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆகிடுச்சு. பார்ட் எதுவும் மாத்தினதா ரெக்கார்ட் இல்லை. நீங்க ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் கொடுத்திருக்கீங்க" என்றது அந்தப் பெண். நான் எதுவும் கொடுக்கவில்லை. மாமியாரின் போனை வாங்கி அவனே அமுக்கியிருக்கிறான்.

இதே கம்பெனியைத்தான் பல வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பிளாக்கில் பாதி வீட்டில் இந்த மெஷின் இருப்பதற்குக் காரணம் அந்தப் பிராண்டின் விளம்பரம் இல்லை. முன்பு வந்துகொண்டிருந்த ஒரு தம்பிதான் காரணம். கோலார் தங்கவயல் பையன். அப்பா சுரங்கத்தில் இருந்தவர், 2001இல் சுரங்கத்தை மூடியபோது வேலை போய், பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வந்து வேலை செய்யப் பழகிய குடும்பம். அந்தத் தம்பி சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் வரிசையாக அதில் வைப்பான். செடிமெண்ட் ஃபில்டரை வெட்டி உள்ளே படிந்த சேற்றைக் காட்டி, "அக்கா, இது இன்னும் மூணு மாசம் ஓடும், இப்ப மாத்தாதீங்க" என்பான். காசு வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்கை யார் விடுவார்கள்? மீட்டர் வாங்கச் சொன்னதும் அவன்தான். நாங்கள் விசுவாசமாக இருந்தது அவனுக்கு. அது தன் லோகோவுக்குக் கிடைத்த விசுவாசம் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது.

அவன் ஏன் போனான் என்று அப்புறம்தான் தெரிந்தது. 2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். போர்வெல்கள் வற்றி, எந்த ஏரியிலிருந்தோ வந்த டேங்கர் தண்ணீர் சம்ப்பில் விழுந்தது. ஃபில்டரெல்லாம் வாரக்கணக்கில் அடைத்துக்கொள்ள, கம்ப்ளெயின்ட் மலையாகக் குவிந்தது. ஆள் எடுப்பதற்குப் பதில், கம்பெனிக்காக சர்வீஸ் பார்க்கிற ஏஜென்சி வேறு வழி பார்த்தது. மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டு ஒரு காலுக்கு இவ்வளவு என்று ஆக்கியது. பெட்ரோல் காசு அதற்குள்ளேயே அடக்கம். 24 மணி நேரத்துக்குள் க்ளோஸ் ஆகாத காலுக்குப் பிடித்தம். ரேட்டிங் குறைந்தால் பிடித்தம். போதாததற்கு மாதம் இத்தனை கான்ட்ராக்ட், இத்தனை ஸ்பேர் விற்க வேண்டும் என்று டார்கெட் வேறு. "இன்னும் மூணு மாசம் ஓடும்" என்று உண்மை சொல்கிறவனுக்கு அந்தக் கணக்கில் நஷ்டம். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடித்து, கடைசி ரயிலை விட்டுவிட்டு, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் படுத்திருக்கிறான். சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டு விலகிவிட்டான்.

இதில் பாதியை எனக்குச் சொன்னது, ஒழுகலைப் பார்க்க வந்த இன்னொரு பையன். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அக்கா, முதல்ல கோட் கொடுத்துடுங்க, அப்புறம் வேலை பாக்கிறேன்" என்றான். முடியாது, வேலை முடிந்த பிறகுதான் என்றேன். கோபப்படுவான் என்று பார்த்தால் படியில் உட்கார்ந்துவிட்டான். "மணி மூணாகப் போகுது, மூணுக்குள்ள க்ளோஸ் ஆகலைன்னா இந்தக் கால் எனக்குக் காசு இல்லாத கால். உங்களுக்கு ஒரு நம்பர்தானே அக்கா" என்றான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாமியார் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தார். அவரிடம் 3,400 ரூபாய் வாங்கிப்போன பையனைப் பற்றிக் கேட்டபோது, "அவன் டார்கெட்டுக்குப் பயந்து ஸ்பேரை எஸ்.பி. ரோட்டுல வாங்கிப் போடுறான், எல்லாரும்தான் செய்றாங்க" என்றான், ஏதோ மழை வருகிறது என்பதுபோல. (எஸ்.பி. ரோடு பெங்களூரின் ஸ்பேர் பார்ட்ஸ் மார்க்கெட்.)

நான் வேலை செய்வது ஹெச்.ஆரில். அதனால் எனக்கு இது கேட்ட கதையாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் சியர்ஸ் என்று ஒரு பெரிய கடைத்தொடர். அவர்களுடைய கார் ரிப்பேர் சென்டர்களில் 1992இல் இதே கூத்து. கலிஃபோர்னியா நுகர்வோர் துறை ஆட்கள் சாதாரண கஸ்டமர் போலக் காரைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். தேவையே இல்லாத ரிப்பேரைத் தலையில் கட்டினார்கள். தோண்டியபோது வந்தது, ஊழியர்களுக்கு வைத்திருந்த கமிஷனும், இத்தனை விற்றே ஆக வேண்டும் என்ற கோட்டாவும். தவறு நடப்பதற்கான சூழலை அந்த ஊக்கத்தொகைத் திட்டமே உண்டாக்கியது என்று கம்பெனித் தலைவரே ஒப்புக்கொண்டு, சர்வீஸ் ஆட்களின் கமிஷனை நிறுத்த வேண்டி வந்தது.

அடிபட்ட பிறகு அதே சியர்ஸ் தன் கடைகளின் விவரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டது. 1998இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் வெளியானது. ஊழியர்களின் மனநிலை அளவுகோலில் 5 புள்ளி ஏறினால் கஸ்டமர் அபிப்பிராயம் 1.3 புள்ளி ஏறுகிறது, அதைத் தொடர்ந்து வருமான வளர்ச்சி 0.5 சதவீதம் கூடுகிறது என்றார்கள். ஊழியர் திருப்தியில் ஆரம்பித்துக் கஸ்டமர் விசுவாசம் வழியாக லாபத்தில் முடிகிற சங்கிலி இது என்று ஜேம்ஸ் ஹெஸ்கெட் உள்ளிட்ட ஹார்வர்டு பேராசிரியர்கள் 1994லேயே எழுதியிருந்தார்கள். (கணக்குப் போட்ட சியர்ஸ் 2018இல் திவால் மனு கொடுத்தது வேறு கதை. கடன், ஆன்லைன் போட்டி என்று அதற்கு நிறைய காரணம்.) எம்.பி.ஏ. படித்த எல்லாருக்கும் இந்தச் சங்கிலி தெரியும். தெரிந்துகொண்டுதான் வருடத்துக்கொரு ஊழியர் சர்வே எடுத்து, பிஸ்ஸா வாங்கிக் கொடுத்து, மார்ச்சில் இன்க்ரிமென்ட்டை வெட்டுகிறோம்.

இங்கே எனக்கு உறைத்தது வேறு ஒன்று. பயந்துபோன ஊழியன் முதலில் கெடுப்பது கம்பெனியின் சொந்தக் கணக்கை. எங்கள் வீட்டில் ஏமாற்றப்பட்ட அந்த நாள் அவர்கள் சிஸ்டத்தில் 'நேரத்துக்குள் முடிந்தது, ஃபைவ் ஸ்டார்' என்று இருக்கிறது. இப்படி நூறு வீடு சேர்ந்தால், ஹெட் ஆபீஸில் ஸ்கிரீனைப் பார்க்கிறவருக்கு எல்லாம் பிரமாதமாக நடப்பதாகத்தான் தோன்றும். கான்ட்ராக்ட் புதுப்பிப்பவர்கள் குறைகிறபோதுதான் முழிப்பார். அப்போதும் டெலிகாலருக்குத்தான் டார்கெட் ஏற்றுவார்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். ஏஜென்சியில் கையை விரித்தார்கள். 1915க்குப் போன் போட்டுத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கான்ட்ராக்ட் பேப்பர், ஸ்டிக்கர் இல்லாத மெம்பிரேன் போட்டோ, மீட்டர் அளவு எல்லாம் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் பேசினார். 3,400ம் கான்ட்ராக்ட்டின் மீதித் தொகையும் வந்து சேர்ந்தது. கூடவே, "அந்த டெக்னீஷியனை டெர்மினேட் பண்ணிட்டோம் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். டார்கெட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அது பாலிசி மேட்டர் என்றார். அந்தப் பையன் செய்தது திருட்டுதான், மாமியாரை அவன் பயமுறுத்தியதை நான் மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவன் இடத்துக்கு வருகிற அடுத்தவனுக்கும் அதே டார்கெட்தானே? எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீடாக அந்தக் கம்பெனியை விட்டுவிட்டோம். தங்கவயல் தம்பி இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறான், பெரும்பாலான வீடுகளுக்கு அவன்தான் வருகிறான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு. கம்பெனியே ஆபர் என்று கெஞ்சினாலும் இரண்டு வருஷம், மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன்னால், வருகிற டெக்னீஷியனிடம் இந்த ஏரியாவில் எத்தனை நாளாக இருக்கிறார் என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் புது முகம் வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, தண்ணீர் வந்து, மீட்டரில் நீங்களே பார்த்த பிறகுதான் கோட். போனில் யார் கேட்டாலும் கோட் சொல்லாதீர்கள். பணம் கம்பெனியின் ஆப்பில் அல்லது கம்பெனி பில்லுக்கு மட்டும். டெக்னீஷியனின் சொந்த நம்பருக்குப் போட்டால் தள்ளுபடி என்றால் வேண்டாம். மாற்றிய பழைய பார்ட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், புதியதை டப்பாவோடு போட்டோ எடுங்கள். மோசமாகச் செய்தால் ஒரு ஸ்டார் போடத் தயங்காதீர்கள், ஆனால் டார்கெட், ஸ்பேர், பில் என்று காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள். வெறும் ஸ்டாரைக் குறைத்தால் அந்தப் பையனின் காசு மட்டும்தான் போகும். 1915இல் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்கோ சர்வீஸுக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நான் 1915இல் பதிந்த புகாரின் வாசகம் என்னிடம் இருக்கிறது. இதே மாதிரி மாட்டியவர்கள் கேட்டால் அனுப்புகிறேன், பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும்.