கேப்டன் அமெரிக்கா: 1941-ஆ, 1974-ஆ?

இந்த அமெரிக்க காமிக்ஸ் நாயகனை எந்தக் காலத்துக் கதையிலிருந்து படிக்கத் தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக.

எதிரி யார்?
1941: ஹிட்லர். முதல் இதழின் அட்டையிலேயே தாடையில் ஒரு குத்து! அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை. படைத்த ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதர்கள். அந்தக் குத்தின் கனம் அதில்தான் இருக்கிறது.
1974: சொந்த நாட்டு அதிகாரம். அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழலின் சூடு ஆறுவதற்குள், கேப்டன் ஒரு சதிக்கூட்டத் தலைவனை வெள்ளை மாளிகைவரை துரத்துகிறார். மனம் வெறுத்து உடையைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு 'நோமேட்' (நாடோடி) என்ற புதுப் பெயரில் நாயகன் ஆகிறார்.

வாசிப்பு?
1941: குட்டிக் கதைகள், வேகமான ஓவியம். இனக் கேலிச் சித்திரிப்புகள் இன்று உறுத்தும்.
1974: தொடர்கதை. வசனம் கொஞ்சம் வளவள.

சின்னம் பிறந்த கதை வேண்டுமா, 1941. நாட்டுப்பற்று என்றால் அரசுக்குத் தலையாட்டுவதா என்ற கேள்வி அரிக்கிறதா, 1974. என் ஓட்டு இதற்கே, வளவளவையும் சேர்த்து.