“கை படாது” என்று சொன்னால் உள்ளே போய் நின்று பாருங்கள்

கார் கழுவும் இடத்தில் விட்டு பெயின்றில் கீறல் வாங்கிய கதை இது. கறுப்பு, கடும் நீலம் என்று கரும் நிற வாகனம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே சேதம்தான் நடக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

என்னுடையது கடும் நீல சுசுகி வாகன் ஆர் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன் எடுத்தது. 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்தது என்றாலும் இப்போதைய விலைக்கு இன்னொன்று வாங்க என்னால் ஏலாது. அதனால் பெயின்றைக் கொஞ்சம் பொத்திப் பொத்தித்தான் வைத்திருந்தேன்.

ஆடி மாதம் கனடாவிலிருந்து வந்த மச்சான் குடும்பத்தோடு காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போனோம். சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசும் நேரம். பொன்னாலைப் பாலத்தில் உப்புக்காற்று, திரும்பும்போது சுன்னாகத்தில் மாமி வீட்டுக்குத் தோட்டப் பாதையால் போனதில் செம்மண் புழுதி. வீடு வந்து சேரும்போது காரின் நிறமே மாறியிருந்தது. நான் வாளியைத் தூக்க, “இன்னும் வாளியோடயோ? மெசினில விட்டால் பத்து நிமிசம்” என்றான் மச்சான்.

நகரத்துக்குச் சற்று வெளியே புதிதாகத் திறந்த இடம் ஒன்று. பெயர் போட விரும்பவில்லை. பலகையில் ‘தானியங்கி, கை படாத கழுவல்’ என்று இருந்தது. “துணியே படாது அண்ணை. நுரை அடிச்சு, தண்ணி அடிச்சு, காத்தில காயும். நீங்கள் உள்ள ஏசியில இருங்கோ” என்றார் காசு வாங்கும் தம்பி. 2,500 ரூபா. காத்திருக்கும் அறையின் கண்ணாடி முழுக்க விளம்பரப் படம் ஒட்டியிருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அன்று இரவு பெற்றோல் செட்டில் நிற்கும்போதுதான் கண்டேன். மேலே எரிந்த வெளிச்சத்தைச் சுற்றி, பொனற்றில் சிலந்தி வலை போல வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். சாரதிப் பக்கக் கதவில் நீளமாக இரண்டு கீறல். விடிந்ததும் போய்க் கேட்டேன்.

“அது முந்தியே இருந்தது அண்ணை, ஊத்தையோட வந்தபடியால் உங்களுக்குத் தெரியேல்லை.”

கழுவ விடுவதற்கு முன் நான் ஒரு படமும் எடுத்து வைக்கவில்லை. என்ன சொல்வது? “பொலிஷ் போட்டால் போயிடும், உங்களுக்கு 15,000க்குச் செய்து தாறம்” என்றார். அங்கேயே நான் எழும்பி வந்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். முட்டாள்தனம்தான். கார் கண்ணாடிபோல மினுங்கி வந்தது. இரண்டு முறை கழுவியதும் அதே வட்டங்கள், அதே இடத்தில்.

கொக்குவிலில் பெயின்ற் அடிக்கும் அண்ணை ஒருவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கீறலை யாரும் எடுக்கவில்லை, மெழுகு மாதிரி ஒன்றைப் பூசி நிரப்பித்தான் விட்டிருக்கிறார்கள் என்றார். பெயின்றுக்கு மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரை விட மெல்லியது. கீறலை உண்மையாக எடுப்பதென்றால் அந்தப் பூச்சையே கொஞ்சம் தேய்க்க வேண்டும். ஆகவே பொலிஷும் நினைத்தபோதெல்லாம் போடக்கூடியது இல்லை.

மூன்றாம் முறை அங்கே போனபோது அறையில் இருக்காமல் நேரே பின்பக்கம் போனேன். மெசின் நுரை அடித்தது, தண்ணீர் அடித்தது, எல்லாம் உண்மை. ஆனால் தண்ணீர் மட்டும் அடித்தால் ஒட்டிப் பிடித்த மெல்லிய புழுதிப்படை முழுதாகப் போகாது. அதை எடுக்க ஒரு பையன் ஸ்பொஞ்சோடு வந்தான். ரயரைத் தேய்த்தான், நிலத்தில் போட்டான், எடுத்து அதே ஸ்பொஞ்சால் கதவைத் தேய்த்தான். பையனில் பிழை சொல்லமாட்டேன், அவனுக்கு அந்த ஒரு ஸ்பொஞ்சைத்தான் கொடுத்திருந்தார்கள்.

மெசின் கூடாது, கை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிரஷ் சுழலும் மெசினிலும் இதே சிக்கல்தான், முன்னால் போன வாகனத்தின் மணல் பிரஷில் இருந்தால் அடுத்த வாகனத்தைக் கீறும். கையால் கழுவும் இடங்களிலும் பழைய சாரத் துணியை ஒரே வாளியில் நாள் முழுக்க நனைத்துத் துடைக்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் துடைத்தார், மொரிஸ் மைனருக்கு அது தாங்கியது.

இப்போது வீட்டில்தான். முதலில் துணி வைக்காமல் குழாயால் அடித்து மணலை இறக்குகிறேன். ஷம்போவுக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே, ரயருக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், மெழுகைக் கழற்றிவிடும். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப்படை வெயிலில் காய்ந்தால் காரிலும் பிடிக்கும். அதனால் பின்னேரம் நிழலில் கழுவி, காயவிடாமல் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறேன். கிணற்றடியில் மட்டும் கழுவாதீர்கள், ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் குடிக்கிற தண்ணீருக்கே போய்ச் சேரும்.

கடையில் விடுவதென்றால், உப்புப் படிந்த அடிப்பக்கத்துக்கு அது வசதிதான், முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். நின்று பார்க்க விடமாட்டோம் என்றால் திறப்பைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்த 15,000 திரும்பி வரவில்லை, அடுத்த கழுவலுக்கு அரைவிலை என்று ஒரு துண்டு தந்தார்கள்.

கதவுக் கீறல் இரண்டும் அப்படியே இருக்கிறது. கொக்குவில் அண்ணை இப்போது கை வைக்க வேண்டாம் என்கிறார், மாரி முடியட்டுமாம்.