நடவு வயலுக்கு எந்த ஒளி இழை? கழுத்து வளைவை அளக்க இரண்டு வழிகள்

கும்பகோணத்தைச் சுற்றிக் கழுத்தைக் குனிந்தே பிழைப்பவர்கள் நிறைய. திருபுவனத்தில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் பட்டு நெசவாளர், சுவாமிமலையில் மெழுகு உருவத்துக்கு விரல் நகம் திருத்தும் ஸ்தபதி, சம்பா நடவில் வரிசை கட்டி நிற்கும் பெண்கள். இவர்கள் கழுத்து நாள் முழுக்க எவ்வளவு வளைகிறது என்று வேலை நடக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். அதற்கு ஒளி செல்லும் மெல்லிய இழையைக் கழுத்தில் ஒட்டலாம். கண்ணாடி இழைக்குள் நுண்ணிய வரிகளாக எழுதிய பிராக் கிரேட்டிங் நல்லதா, சாதாரண பிளாஸ்டிக் இழை போதுமா?

முதலில் கழுத்தைப் பார்ப்போம். தலை ஏறக்குறைய 5 கிலோ. குனிந்தால் அது முன்னால் விழாமல் பிடித்துக்கொள்வது பிடரித் தசைகள்: மேலே டிரெபீசியஸ், அதற்கடியில் ஸ்பிளீனியஸ், இன்னும் உள்ளே செமிஸ்பைனாலிஸ். முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை முறுக்குக் கயிறாகப் புடைத்திருக்கும், அதுதான் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. கழுத்து திரும்புவதில் பாதியளவு மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் பிடரி நடுவில் ஒட்டும் இழை, எந்த வகையானாலும், குனிவதையும் நிமிர்வதையும்தான் ஒழுங்காகச் சொல்லும்.

பிராக் கிரேட்டிங் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் அந்த அலைநீளம் நகரும்: 1550 நானோமீட்டர் ஒளியில், 1 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) சுமார் 1.2 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோமீட்டர்). ஒளி மங்கினாலும் கணக்கு மாறாது. ஒரே இழையில் பல கிரேட்டிங்குகளை எழுதலாம் என்பதால் கழுத்தின் மேல்பகுதி எவ்வளவு வளைகிறது, அடிப்பகுதி எவ்வளவு வளைகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். இந்த வசதி ஒற்றைப் பிளாஸ்டிக் இழையில் கிடையாது.

ஆனால் 1 டிகிரி வெப்பம் ஏறினாலே அலைநீளம் 10 பிக்கோமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். அதாவது சுமார் 8 மைக்ரோஸ்ட்ரெயின் இழுவைக்குச் சமம். வெயிலில் நிற்பவர் மர நிழலுக்கு வந்தால்கூடக் கழுத்து அசைந்ததுபோல் காட்டும். இழுபடாத இன்னொரு கிரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம், சரி. அலைநீளத்தைப் படிக்கும் கருவியின் விலை லட்சங்களில் போகிறதே, அதைச் சேற்று வயலுக்கு யார் கொண்டுபோவது?

பிளாஸ்டிக் இழைக்கு ஒரு எல்.ஈ.டி.யும் ஒளி உணர் டயோடும் போதும். வளைந்தால் ஒளி கசியும், மறுமுனையில் வெளிச்சம் குறையும். சிக்கல் என்னவென்றால், கழுத்தின் வளைவு மென்மையானது. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை அந்த வளைவுக்கு ஒளியை அதிகம் கசியவிடாது. ஒரு பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் கசிவு கூடும், எந்தப் பக்கம் வளைகிறது என்பதும் தெரியும். இன்னொன்று, குனியும்போது பிடரித் தோல் நீளும், இழை நீளாது. அதனால் அடிமுனையைக் கழுத்தடியில் துருத்தும் ஏழாவது எலும்பருகே ஒட்டி, மேல்முனையை ஒரு உறைக்குள் வழுக்கிப் போகும்படி விட வேண்டும். இணைப்பு தளர்ந்தாலும் வெளிச்சம் குறையும் என்பதால், நிமிர்ந்த நிலை அளவை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும்.

என் தேர்வு: நெசவாளருக்கும் ஸ்தபதிக்கும் பிளாஸ்டிக் இழை. கழுத்தின் எந்த மட்டம் இறுகியிருக்கிறது என்று பார்க்கும் பிசியோதெரபி ஆய்வகத்துக்குப் பிராக் கிரேட்டிங்.

நடவுக்கு இரண்டுமே தனியாகப் போதாது. நாற்று முடியை இடக்கையில் பிடித்து நடும்போது இடுப்பிலிருந்தே உடம்பு மடிகிறது. முதுகோடு ஒப்பிட்டால் கழுத்து அதிகம் வளைவதில்லை. இழை அந்தச் சின்னக் கோணத்தைத்தான் காட்டும். தலையோ தரைக்கு இணையாக முன்னால் நீண்டிருக்கிறது, பிடரித் தசை முழு எடையையும் இழுத்துப் பிடிக்கிறது. இழையின் எண்ணை மட்டும் நம்பினால், மூவரில் நடவுப் பெண்ணுக்கே கழுத்துப் பாரம் குறைவு என்று அறிக்கை எழுதிவிடுவோம். ஆகவே வயலில் அளப்பவர்கள் பிளாஸ்டிக் இழையோடு, தலையில் ஒரு சாய்வு உணரியையும் கட்டாயம் கட்ட வேண்டும். செல்போனில் இருக்கும் அதே வகைச் சில்லுதான், விலையும் அதிகமில்லை.