நேரத்தைக் குறைப்பதா, வேகத்தைக் குறைப்பதா?

மூன்று வாரம் விடாமல் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போனால் நாலாவது வாரம் தொண்டை கரகரக்க ஆரம்பிப்பது சைக்கிள் ஓட்டுபவர்கள் பலருக்கும் பழகிய விஷயம். படுக்கையில் விழுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும், சரி. எதை இறக்குவது?

முழு ஓய்வைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காய்ச்சலோ உடல்வலியோ நெஞ்சுச்சளியோ இருந்தால் அது ஒன்றுதான் வழி. காய்ச்சலோடு மிதித்தால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. மற்ற நாட்களில் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. கடுமையான இன்டர்வல்களை (சில நிமிடம் வேகமாக, பிறகு மெதுவாக என்று மாறி மாறி மிதிப்பதை) நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் வழக்கமான நேரம் ஓட்டுவது ஒன்று. நேரத்தைப் பாதியாக வெட்டி, இன்டர்வலில் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொள்வது இன்னொன்று.

நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். காரணம் தூக்கம்.

மூன்று மணி நேர ஓட்டம் மெதுவானதாக இருந்தாலும் அலாரம் அதே இருட்டில்தான் அடிக்கும். கால்களுக்கு ஓய்வு கிடைக்கும், கண்களுக்குக் கிடைக்காது. நேரத்தை வெட்டினால் அந்த ஒன்றரை மணி நேரம் நேராகத் தலையணைக்குப் போகிறது. 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுமருந்தாக விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. இன்டர்வலை விட்டுவிட்டுத் தூக்கத்தைக் கடனாகவே வைத்திருப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

பசி இன்னொரு பக்கம். மெதுவான ஓட்டம்தானே என்று பாட்டிலில் வெறும் தண்ணீரோடு கிளம்பிவிடுகிறோம். மாவுச்சத்து இல்லாமல் மணிக்கணக்கில் மிதித்தால் நோய் எதிர்ப்பைத் தளர்த்தக்கூடிய கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறும். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு.

பயிற்சியில் சேர்த்த வேகம் கையைவிட்டுப் போய்விடுமே என்ற பயமும் வேண்டாம். போட்டிக்கு முன் பயிற்சியை இறக்குவது பற்றிய ஆய்வுகளை 2007-ல் தொகுத்துப் பார்த்தபோது, கடுமையை மாற்றாமல் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் குறைத்ததே நல்ல பலன் தந்தது. என் நாலாவது வாரமும் அப்படித்தான்: நாலு நிமிட இன்டர்வல் நாலுக்குப் பதில் இரண்டு, பிறகு வீடு. காலையில் படுக்கையிலேயே மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்ப்பேன். வழக்கத்தைவிடத் தெளிவாக ஏறியிருந்தால் அந்த இரண்டும் கிடையாது.

ஏற்கெனவே வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெட்ட அங்கே நேரமே இல்லை. நீங்கள் இன்டர்வலை விடுவதே நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் பயிற்சி செய்த அனுபவம் எனக்கு அதிகமில்லை.