மலைக்கு மேலும் கீழும் ஒரே கூட்டம்: ஜூம் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீடு தமிழ்நாட்டில் கம்பம், போடி பக்கம். தோட்டம் மலைமேல், கேரளாவில் குமுளி, வண்டன்மேடு பக்கம். ஏலக்காய் விவசாயிகள் கூட்டம் என்றால் தமிழும் மலையாளமும் கலந்துதான் இருக்கும். பெரும்பாலானோர் கையில் இருப்பது போன் மட்டும். 200, 300 பேர் சேரும் இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு, இணையத்தில் வீடியோ கூட்டம் நடத்தும் செயலியான ஜூமைப் பல பருவங்களாகப் பயன்படுத்தியதில் எது தேறியது, எது சொதப்பியது என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் உரிமம். இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். காசு கட்டி வாங்கும் புரோ கணக்கிலும் அதே 100 பேர்தான், நேரம் மட்டுமே கூடும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, 101வது ஆள் உள்ளே வர முடியாதபோது முழிப்பவர்கள் நிறைய. 500 அல்லது 1000 பேருக்கு 'லார்ஜ் மீட்டிங்' உரிமம் தனியாக வாங்க வேண்டும். வாங்கியதோடு விடாமல், கூட்டம் நடத்துபவரின் கணக்குக்கு அதை ஒதுக்கியாயிற்றா என்றும் பாருங்கள். சிலர் பேச, மற்றவர்கள் கேட்டால் போதும் என்றால் வெபினார் இருக்கிறது. ஆனால் விலை, மருந்து, கூலி என்று எல்லாருக்கும் பேச விஷயம் இருக்கும் கூட்டத்தில் அது எடுபடாது. வாயைக் கட்டிவிட்டார்கள் என்று கோபம்தான் மிஞ்சும்.

நேரம்: புற்றடியிலோ போடியிலோ ஏலக்காய் ஏல விற்பனை நடக்கும் பகல் பொழுதில் வைத்தால் ஆள் வராது. காய் எடுப்பு மாதங்களில் இரவு ஏழரைக்கு முன்னால் கூட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது 30 பேருக்குச் சரி. 300 பேருக்கு நான்கு பேர் வேண்டும்: பேச்சை நடத்த ஒருவர், ஆட்களை உள்ளே விட ஒருவர், மைக் திறந்து மூட ஒருவர், சாட்டையும் வாட்ஸ்அப்பையும் கவனிக்க ஒருவர். ஹோஸ்ட், அதாவது கூட்டம் நடத்தும் கணக்குக்காரர், தவிர மற்ற மூவரும் கோ ஹோஸ்ட், அதாவது அவருக்குத் துணை. அவர்களில் ஒருவராவது வேறு வீட்டில், வேறு நெட் இணைப்பில் இருக்கட்டும். மலையில் மின்சாரம் போனால் எல்லாரும் சேர்ந்து காணாமல் போகக் கூடாது.

பெரிய கூட்டத்தைக் கெடுப்பது படம் அல்ல, சத்தம். எல்லார் மைக்கையும் மூடும் 'மியூட் ஆல்' அழுத்தும்போது வரும் பெட்டியில், தாங்களே மைக் திறக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு கை தூக்கியவரைத்தான் திறக்க வேண்டும். கை தூக்கியவர்கள் பெயர்ப்பட்டியலின் மேலே வரிசையாக வருவார்கள். 'ஆஸ்க் டு அன்மியூட்' கொடுத்தால் அவர் போனில் ஒரு கேள்வி வரும். அதைத் தொட்டால்தான் மைக் திறக்கும். தொடத் தெரியாமல் "கேக்குதாண்ணே, கேக்குதா?" என்று அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருப்பார், இங்கே ஒன்றும் கேட்காது. பெயருக்கு எதிரே மைக் படமே இல்லையென்றால் கோளாறு வேறு: உள்ளே வந்தபோது ஆடியோவை இணைக்கவில்லை. 'வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா'வைத் தொடச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் அப்பா ஒரு போன், மகன் ஒரு போன் என்று ஸ்பீக்கரில் வைத்தால் எதிரொலி அடிக்கும். ஒன்றில் ஆடியோவை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டு மொழிக்கு ஜூமின் மொழிபெயர்ப்பு வசதி எங்களுக்குப் பெரிய ஆறுதல்: பேசுவதை நம் ஆள் ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்ல, வேண்டியவர் அந்த மொழியைத் தேர்ந்து கேட்கலாம். முதலில் வலைத்தளத்தின் செட்டிங்ஸில் அதை இயக்கி, தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரந்தர மீட்டிங் எண்ணில் இது வேலை செய்யாது, கூட்டத்துக்கென உருவாகும் புது எண் வேண்டும். கூட்டம் தொடங்கியதும் ஹோஸ்ட் 'ஸ்டார்ட்' கொடுக்க மறந்தால் யாருக்கும் மொழித் தேர்வே தெரியாது. மலையாளத்தைத் தேர்ந்தவருக்கும் பேச்சாளரின் தமிழ் அடியில் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். இடைஞ்சலாக இருந்தால் 'மியூட் ஒரிஜினல் ஆடியோ'. மொழிபெயர்ப்பவர் இரண்டு பேர் வேண்டும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள. ஒருவரே ஒரு மணி நேரம் இழுத்தால் கடைசியில் வருவது பாதிதான். சாதாரணப் போன் அழைப்பில் சேர்ந்தவருக்கு மொழிபெயர்ப்பு கேட்காது, இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

டவர் விஷயத்தில் எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. போன் ஒரு நேரம் கேரளச் சிக்னலையும், ஒரு நேரம் தமிழ்நாட்டுச் சிக்னலையும் பிடித்து மாறும்போது பேச்சு அறுந்துவிடும். பேசப் போகிறவர் ஜன்னலோரம் ஒரே இடத்தில் அசையாமல் உட்காரட்டும். முடிந்தால் வயர் இணைப்பு. கேட்பவர்கள் 'ஸ்டாப் இன்கமிங் வீடியோ' போட்டுக் குரலை மட்டும் கேட்டால் நொடிக்கு 80 கிலோபிட் அளவே போதும், மணிக்கு ஏறத்தாழ 36 எம்பிதான். மின்சாரம் போனாலும் நெட் ஓட, ஹோஸ்ட் வீட்டு ரூட்டருக்கு மினி யுபிஎஸ் அவசியம். வாங்குமுன் பழைய அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடுகளைப் பிடிஎப் ஆக்கிக் காட்டினால் தமிழ் எழுத்து உடையாது. வீடியோ காட்டும்போது 'ஷேர் சவுண்ட்' டிக் செய்யாவிட்டால் ஊமைப் படம்தான்.

தொந்தரவு தருபவரை வெளியேற்றினால் வழக்கமான செட்டிங்கில் அவர் திரும்ப வர முடியாது. அவசரத்தில் சங்கத் தலைவரின் பெயரைத் தொட்டுவிடாதீர்கள்.

ஜூமின் சர்வரிலேயே பதிவாகும் கிளவுட் ரெக்கார்டிங்கில் பேச்சாளரின் மூலக் குரல் மட்டுமே பதியும். மலையாளப் பதிவும் வேண்டுமென்றால், ரெக்கார்ட் செய்ய அனுமதி பெற்ற ஒருவர் தன் கணினியில் மலையாளத்தைத் தேர்ந்துகொண்டு தனியாகப் பதிய வேண்டும்.